பெட்டியில் வந்த கார்!



புது சைக்கிள் கடைக்கு எப்படி வந்து சேரும் என்று பார்த்திருக்கிறீர்களா? ஓடி வராது. அட்டைப் பெட்டியில் வரும். ஹேண்டில்பார் தனியாக, பெடல் தனியாக, சக்கரம் தனியாக, மட்கார்டு தனியாக. கடைக்காரர் ஸ்பேனரை எடுத்து மளமளவென்று மாட்டி, மணி அடித்துப் பார்த்து, “ஏறிக்கோ தம்பி!” என்பார்.

சரி, ஒரு கார் அப்படிப் பெட்டியில் வந்தால்? அதுவும் சர்ரென்று சீறிப் பாயும் ஸ்போர்ட்ஸ் கார்! மாட்டித் தரக் கடைக்காரர் கிடையாது. வீட்டு ஷெட்டில் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு லாரிக்காரர் போய்விடுவார். அப்புறம் நீங்களாச்சு, ஸ்பேனராச்சு!

‘வாத்தியார் நன்றாகக் கதை விடுகிறார்’ என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் எழுபது வருடங்களாக நடந்துவரும் காரியம் இது. இப்படிப்பட்ட காருக்கு ‘கிட் கார்’ என்று பெயர். கிரிக்கெட் கிட் என்று சொல்கிறீர்களே, மட்டை, பேடு, கிளவுஸ், ஹெல்மெட் எல்லாம் ஒரே பையில்? அதே மாதிரி ஒரு காருக்குத் தேவையான சாமான்கள் மொத்தமும் பெட்டி பெட்டியாக வந்துவிடும். சனி, ஞாயிறுகளில் உட்கார்ந்து மாட்டி முடித்து, அதே காரில் அலுவலகம் போகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

இதை ஆரம்பித்து வைத்தவர்களில் முக்கியமானவர் காலின் சாப்மன். 1928-ல் பிறந்தவர். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டடங்களும் பாலங்களும் எப்படிப் பாரம் தாங்கி நிற்கின்றன என்பதைப் பற்றிய பொறியியல் படித்தார். படிக்கும்போதே நண்பர் ஒருவரோடு சேர்ந்து பழைய கார் வாங்கி விற்கும் தொழிலும் செய்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம் அது. பெட்ரோலுக்கு ரேஷன். ஒரு கட்டத்தில் சொந்தக் காருக்குக் கிடைத்த கொஞ்ச நஞ்ச ரேஷனும் நின்றது. பெட்ரோலே இல்லாதபோது கார் எதற்கு? வியாபாரம் படுத்துவிட்டது. விற்காமல் தங்கிப்போனது ‘ஆஸ்டின் செவன்’ என்ற பழைய ஓட்டைக் கார் ஒன்று.

சாப்மன் அதைக் காயலான் கடையில் போடவில்லை. மேல்கூட்டைக் கழற்றி எறிந்தார். அலுமினியத் தகடு ஒட்டிய பிளைவுட்டால் புதிய கூடு செய்தார். 1948-ல் ஒரு பந்தயக் கார் தயார்! இதெல்லாம் நடந்த இடம் பெரிய தொழிற்சாலை இல்லை. பின்னால் அவர் மனைவியான ஹேசலின் பெற்றோர் வீட்டுக்குப் பின்புறம் இருந்த சின்ன ஷெட்தான். வருங்கால மாமனார் வீட்டுக் கொல்லையில் சுத்தியலும் ரம்பமுமாகத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர்!

1952-ல் அவர் கம்பெனி தொடங்கினார். பெயர் ‘லோட்டஸ்’. ஆம், நம் தாமரைதான். 1957-ல் ‘லோட்டஸ் செவன்’ என்ற கார் வந்தது. நாம் இன்று பேசப் போவது முக்கியமாக இந்தக் காரைப் பற்றியும், இதன் பிள்ளை, பேரப்பிள்ளைகளைப் பற்றியும்தான்.

பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். இரண்டே இருக்கைகள். கூரை கிடையாது, மழை வந்தால் மடக்கி வைத்த துணிக் கூரையைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். முன்சக்கரங்கள் காரின் உடம்பை விட்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். சைக்கிள் மாதிரி ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி மட்கார்டு! உட்கார்ந்தால் கையை வெளியே நீட்டித் தரையைத் தொட்டுவிடலாம், அவ்வளவு தாழ்வு.

வரியை ஏமாற்றவில்லை... ஆனால்!

ஏன் காரைப் பெட்டியில் போட்டு விற்றார்கள்? முக்கியக் காரணம் வரி. அப்போது இங்கிலாந்தில் ‘கொள்முதல் வரி’ என்று ஒன்று இருந்தது. புதுக் கார் வாங்கினால் பெரிய தொகையை வரியாகக் கட்ட வேண்டும். ஆனால் இந்த வரி முழுதாகச் செய்து முடித்த காருக்குத்தான். உதிரி பாகங்களாக வாங்கினால் அந்த வரி இல்லை. பிறகென்ன? “இந்தாருங்கள் பாகங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் நீங்களே மாட்டிக்கொள்ளுங்கள்” என்றது கம்பெனி. விலை மளமளவென்று இறங்கியது. பெரிய சம்பளம் இல்லாத இளைஞர்கள்கூட ஸ்போர்ட்ஸ் கார் ஆசையை நிறைவேற்றிக்கொள்ள முடிந்தது.

இதில் ஒரு சுவையான செய்தி சொல்வார்கள். பாகங்களோடு ‘எப்படி மாட்டுவது’ என்ற விளக்கத் தாளையும் வைத்தால், ‘இது முழுக் கார்தான், கட்டு வரியை’ என்று அதிகாரிகள் பிடித்துக்கொள்வார்களாம். விளக்கம் இல்லாமல் எப்படி மாட்டுவது? சாப்மன் யோசித்தார். ‘காரைப் பிரிப்பது எப்படி?’ என்று ஒரு விளக்கத் தாள் எழுதி வைத்துவிட்டார்! பிரிப்பதற்கான வழியைக் கடைசி வரியிலிருந்து முதல் வரி வரை தலைகீழாகப் படித்துக்கொண்டே போனால் கார் தயார்! பலே கெட்டிக்காரர், இல்லையா?

1973-ல் அந்தக் கொள்முதல் வரி போய், பாகங்களுக்கும் சேர்த்துப் போடுகிற புதுவிதமான வரி வந்துவிட்டது. வரிச் சலுகை அதோடு சரி. லோட்டஸ் கம்பெனியும் செவன் காரைச் செய்வதிலிருந்து விலகியது. அதே 1973-ல் ‘கேட்டர்ஹாம்’ என்ற கம்பெனி அதைச் செய்யும் உரிமையை வாங்கிக்கொண்டது. வரி லாபம் இல்லாவிட்டாலும் ஜனங்கள் விடுவதாக இல்லை. தானே மாட்டுகிற சந்தோஷத்துக்காகவே இன்றுவரை பெட்டியில் வாங்குகிறார்கள். 80 முதல் 100 மணி நேரத்தில் மாட்டி முடிக்கலாம் என்கிறது கம்பெனி. வாரம் ஐந்து மணி நேரம் உழைத்தால் எத்தனை வாரம் ஆகும்? போட்டுப் பாருங்கள்.

இன்னொரு கணக்கும் போடலாம். கேட்டர்ஹாம் 2021-ல் ‘செவன் 170’ என்ற மாடலை அறிமுகப்படுத்தியது. அதில் இருப்பது ஜப்பானின் சுசுகி செய்த 660 சி.சி. என்ஜின். நம் ஊரில் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு ஓடிய மாருதி 800-ன் என்ஜினைவிடச் சின்னது! காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ என்ற கருவி இருப்பதால் அதற்கு 84 குதிரைத் திறன். காரின் மொத்த எடை 440 கிலோ. 440-ஐ 84-ஆல் வகுத்தால், ஒரு குதிரை ஐந்தேகால் கிலோவைத்தான் இழுக்க வேண்டும். இப்போது மாருதி 800-ஐப் பாருங்கள். எடை சுமார் 650 கிலோ, திறன் சுமார் 37 குதிரை. ஒரு குதிரையின் தலையில் பதினேழரைக் கிலோ! எந்தக் குதிரை வேகமாக ஓடும் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

என்ஜினைப் பெரிதாக்கித்தான் வேகம் வர வேண்டும் என்பதில்லை, எடையைக் குறைத்தாலும் வரும். சாப்மன் வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டு தொங்கியது இந்த ஒரு கொள்கையைத்தான். எடை குறைவு என்றால் வளைவுகளில் சட்டென்று திரும்பும், பிரேக் போட்டால் சட்டென்று நிற்கும். பெட்ரோலும் கொஞ்சம் போதும்.

பிஸ்கட் அட்டை ரகசியம்

ஆனால் எடையைக் குறைத்தால் கார் பூஞ்சையாகிவிடாதா? பள்ளத்தில் இறங்கினால் நெளிந்துவிடாதா?

இதற்கு விடை உங்கள் வடிவியல் பாடத்தில் இருக்கிறது. ஒரு காலி பிஸ்கட் பெட்டியை எடுத்து விரல் அகலத்துக்குச் சம நீளமாக நான்கு பட்டைகள் வெட்டுங்கள். முனையோடு முனை வைத்துக் குண்டூசியால் குத்திச் சதுரம் செய்யுங்கள். இப்போது ஒரு மூலையை லேசாகத் தள்ளுங்கள். சதுரம் அப்படியே சரிந்து சாய்சதுரமாகிவிடும். அடுத்து, மூன்று பட்டைகளால் முக்கோணம் செய்து தள்ளிப் பாருங்கள். அசையாது! மூன்று பக்கங்களின் நீளம் முடிவாகிவிட்டால் முக்கோணத்துக்கு ஒரே ஒரு வடிவம்தான் சாத்தியம். சதுரத்துக்கு அப்படி இல்லை. அதே சரிகிற சதுரத்தின் குறுக்கே, மூலைவிட்டமாக, இன்னும் கொஞ்சம் நீளமான பட்டை ஒன்றைக் குத்துங்கள். இரண்டு முக்கோணங்கள் ஆகிவிட்டனவா? இனி அதுவும் சரியாது.

ரயில் பாலத்தில் கம்பிகள் குறுக்கும் நெடுக்கும் போவதும், செல்போன் கோபுரத்தில் ஏணி மாதிரி இல்லாமல் சாய்வுக் கம்பிகள் இருப்பதும் இதனால்தான். பாலக் கணக்குப் படித்த சாப்மன் அதையே காருக்குள் கொண்டுவந்தார். லோட்டஸ் செவனின் எலும்புக்கூடு மெல்லிய இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாக ஒட்டவைத்த கூண்டு. அதன்மேல் அலுமினியத் தகட்டை ரிவிட் அடித்துப் போர்த்திவிட்டால் உடம்பு தயார். கனமான இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்க ராட்சச இயந்திரம் தேவையில்லை. அதனால்தான் இந்தக் காரை வீட்டில் கட்ட முடிகிறது.

என்னைப் போல ஒரு வாத்தியார்

கேட்டர்ஹாம் கார் நல்ல கார்தான். ஆனால் விலை? மிக மலிவானது என்று சொல்லப்பட்ட ‘செவன் 170’-ஐப் பெட்டியில் வாங்கினாலும் 2021-ல் ஏறத்தாழ 23,000 பவுண்டு. நம் பணத்தில் இருபது லட்சத்துக்கும் மேல்! கிட்டைக்கூட வாங்க முடியாதவர்கள் என்ன செய்வது?

இங்கேதான் ரான் சாம்பியன் என்பவர் வருகிறார். இங்கிலாந்தில் அவுண்டில் என்ற ஊரில் இருக்கும் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். அந்தப் பள்ளியில் பெரிய பட்டறை உண்டு. மாணவர்களே அங்கு கார் கட்டுவார்கள். வெறும் 250 பவுண்டு செலவில் சொந்தமாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்டுவது எப்படி என்று 1996-ல் இவர் ஒரு புத்தகமே எழுதினார். அதில் கிட்டே கிடையாது. கடையில் இரும்புக் குழாய் வாங்கி, அளந்து, அறுத்து, வெல்டிங் வைப்பதிலிருந்து ஆரம்பம்! ஓர் அங்குலச் சதுரக் குழாய். எந்தத் துண்டு எவ்வளவு நீளம், எந்தக் கோணத்தில் அறுக்க வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தார். நம் ஊர்த் தையல் புத்தகத்தில் ரவிக்கைக்கு அளவு போட்டிருப்பார்களே, அந்த மாதிரி.

இந்தக் காருக்கு ‘லோகாஸ்ட்’ என்று பெயர் வைத்தார்கள். ‘லோ காஸ்ட்’ என்றால் குறைந்த செலவு. காதில் விழும்போது ‘லோட்டஸ்’ மாதிரியும் இருக்கும்! உலகத்தின் பல மூலைகளில் அந்தப் புத்தகத்தைப் பார்த்துக் கார் கட்டினார்கள். லோகாஸ்ட் கார்களுக்கு என்றே இங்கிலாந்தில் பந்தயத் தொடர் உண்டு. ஒரு பள்ளி ஆசிரியரின் புத்தகம் இவ்வளவு தூரம் போனது எனக்கு ரொம்பப் பெருமை, போங்கள்!

கூண்டு சரி, என்ஜின், கியர் பாக்ஸ், ஸ்டீயரிங், பிரேக்? அதற்கு ஒரு பழைய கார் வேண்டும். ரத்த தானம் செய்பவரை டோனர் என்கிறோம் அல்லவா? இந்தக் காருக்கும் அங்கே அதே பெயர்தான்: ‘டோனர் கார்’. துருப்பிடித்து ஓட்ட லாயக்கில்லாமல் போன காரின் உள்ளுறுப்புகளைப் புதுக் கூண்டுக்கு மாற்றுவார்கள். சாம்பியன் எடுத்துக்கொண்டது 1970-களில் ஓடிய ஃபோர்டு எஸ்கார்ட். ஏன் அது? என்ஜின் முன்னால் இருக்கும்; சுழற்சி ஒரு நீள ஷாஃப்ட் வழியாகப் போய்ப் பின்சக்கரத்தைச் சுற்றும். செவனின் அமைப்பும் அதுவே. இப்போதைய சின்னக் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரத்தால் இழுபடுபவை. அவற்றின் பாகங்கள் இந்தக் கூண்டில் எளிதில் உட்காராது. எஸ்கார்ட் கார்கள் அருகிப்போன பிறகு ஃபோர்டு சியரா, மாஸ்டா எம்.எக்ஸ்-5 என்று வேறு கார்களுக்குப் போய்விட்டார்கள்.

டோனர் காரைப் பிரிக்கிறபோது அவசரக்காரர்கள் திண்டாடிப் போவார்கள். நூற்றுக்கணக்கான நட்டு, போல்ட்டுகள். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டினால் ஆறு மாதம் கழித்து எது எங்கே என்று பிரம்மாவுக்கும் தெரியாது. ஆகவே ஒவ்வோர் இடத்துப் போல்ட்டையும் தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதி வைப்பார்கள். கழற்றுவதற்கு முன் ஒரு போட்டோ, கழற்றிய பின் ஒரு போட்டோ. மின்சார வயர்களில் ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு.

ஷெட்டின் கதவையும் அளந்துகொள்ள வேண்டும்! ராபின்சன் குரூசோ கதை படித்திருக்கிறீர்களா? தீவில் மாட்டிக்கொண்ட குரூசோ பெரிய மரத்தைக் குடைந்து படகு செய்வார். செய்து முடித்த பிறகு அதைத் தண்ணீர்வரை இழுத்துப் போக முடியாது!

காற்றுக் குமிழி என்கிற வில்லன்

காரை ஓடவைப்பதைவிட நிறுத்துவதுதான் பெரிய விஷயம். அதனால் பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பெடலை மிதித்தால் ஒரு சிலிண்டரில் இருக்கும் பிரேக் ஆயில் அழுத்தப்படுகிறது. அந்த அழுத்தம் மெல்லிய குழாய்கள் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் போய், பிரேக் கட்டைகளைச் சக்கரத்தோடு சுழலும் வட்டின்மீது அழுத்துகிறது. பாஸ்கல் விதி ஞாபகம் இருக்கிறதா? அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். அதேதான்.

மருந்துக் கடையில் ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்று வாங்கி வாருங்கள். நீர் நிரப்பி, காற்றை வெளியேற்றி, நுனியை விரலால் இறுக அடைத்துக்கொண்டு அழுத்துங்கள். கல் மாதிரி இருக்கும்; இறங்காது. நீரைக் கொட்டிவிட்டுக் காற்றை மட்டும் வைத்து அழுத்துங்கள். பஞ்சு மாதிரி அமுங்கும். விட்டால் திரும்பி வரும். பிரேக் குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் இதுதான் நடக்கும். நீங்கள் மிதித்த மிதி எல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். பெடல் தரைவரை இறங்கும், கார் நிற்காது!

புதிதாகக் கட்டிய காரின் குழாய்கள் முழுக்கக் காற்றுதான் இருக்கும். அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் காரில் உட்கார்ந்து பெடலை மிதிப்பார். இன்னொருவர் சக்கரத்தின் அருகே குந்தி, அங்கிருக்கும் சின்னத் திருகைத் தளர்த்துவார். கண்ணாடி போன்ற குழாய் வழியாகப் பாட்டிலுக்குள் ஆயிலும் குமிழியுமாக வந்து விழும். ‘மிதி... பிடி... விடு’ என்று கட்டளை போய்க்கொண்டே இருக்கும். இதில் ஒழுங்கு முக்கியம். திருகை மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். முந்திக்கொண்டு காலை எடுத்தால் உறிஞ்சுகுழலில் இழுப்பது போலக் காற்று மறுபடி உள்ளே போய்விடும், முதலிலிருந்து ஆரம்பி! ஒரு குமிழிகூட வராமல் ஆயில் மட்டும் வரும்வரை ஒவ்வொரு சக்கரமாகச் செய்ய வேண்டும். போதாக்குறைக்கு, பிரேக் ஆயில் ஒரு சொட்டு சிந்தினாலும் புது பெயின்ட்டை அரித்துவிடும். பக்கத்திலேயே துணியோடு ஒருவர் தயாராக இருப்பது நல்லது.

அடுத்தது போல்ட்டு முடுக்குவது. ‘பலம் இருக்கிறவரை முடுக்கு’ என்பது இங்கே செல்லாது. குறைவாக முடுக்கினால் அதிர்ச்சியில் கழன்றுவிடும். அதிகம் முடுக்கினால் போல்ட்டு இழுபட்டு ஒருநாள் அறுந்துவிடும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஓர் அளவு உண்டு. அதை ‘நியூட்டன் மீட்டர்’ என்ற அலகில் சொல்வார்கள். 100 நியூட்டன் மீட்டர் என்றால், ஒரு மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் சுமார் 10 கிலோ எடையைத் தொங்கவிட்ட மாதிரி. இதற்கென்றே டார்க் ரெஞ்ச் என்ற ஸ்பேனர் இருக்கிறது. வேண்டிய அளவை அதில் திருப்பி வைத்துக்கொண்டு முடுக்கினால், அளவு வந்ததும் ‘டக்’ என்று சத்தம் போட்டுச் சொல்லிவிடும்.

முடுக்கியதும் நட்டிலும் போல்ட்டிலும் சேர்ந்தாற்போல ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுவார்கள். இரண்டு நன்மைகள். கோடு இல்லாவிட்டால் இன்னும் முடுக்கவில்லை என்று தெரியும். கார் ஓடிய பிறகு பார்த்தால், கோடு நேராக இல்லாமல் விலகியிருந்தால் நட்டு தளர்ந்துவிட்டது என்றும் தெரியும். நோட்டுத் திருத்துகிறபோது நான் சிவப்பு மையில் டிக் போடுவேனே, அதைவிடப் புத்திசாலித்தனமான டிக் இது!

பந்தோடு வரும் அதிகாரி

சரி, கட்டியாயிற்று. ஓட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போய்விடலாமா? முடியாது! வீட்டில் கட்டிய கார் என்றால் அதில் போகிறவருக்கு மட்டுமா ஆபத்து? எதிரே வருபவருக்கும், ஓரமாக நடந்து போகும் உங்களைப் போன்ற பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தானே? அதனால் 2009 முதல் அங்கே இந்தக் கார்களுக்கு ‘தனி வாகன ஒப்புதல்’ என்ற அரசுத் தேர்வு இருக்கிறது. அதில் தேறினால்தான் நம்பர் பிளேட். பிரேக், விளக்கு, கண்ணாடி, ஸ்டீயரிங், சீட் பெல்ட் பிடிமானம், புகை, சத்தம், ஸ்பீடாமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பந்துப் பரிசோதனை. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டை. கிட்டத்தட்ட ஒரு சாத்துக்குடியைவிடக் கொஞ்சம் பெரியது. காரின் வெளிப்புறத்தில் இந்த உருண்டை எங்கெல்லாம் தொட முடிகிறதோ, அங்கெல்லாம் கூரான விளிம்பு இருக்கக் கூடாது. விளிம்பின் வளைவு குறைந்தது இரண்டரை மில்லிமீட்டர் ஆரம் உள்ளதாக இருக்க வேண்டும். நடந்து போகிறவர் மேல் கார் உரசிவிட்டாலும் கத்தி போலக் கிழித்துவிடக் கூடாது பாருங்கள். செவன் காரிலோ சக்கரம், கம்பி, போல்ட்டு எல்லாம் வெளியே தெரியும். அதனால் கட்டுகிறவர்கள் முன்கூட்டியே வீட்டில் ஓர் உருண்டையை வைத்துக்கொண்டு கார் முழுக்க உருட்டிப் பார்ப்பார்கள். இடிக்கிற போல்ட்டுத் தலைக்கெல்லாம் பிளாஸ்டிக் தொப்பி! தகட்டு விளிம்புக்கெல்லாம் ரப்பர் கரை!

தேறாவிட்டால் என்னென்ன குறை என்று பட்டியல் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். சரிசெய்துகொண்டு மறுபடி போகலாம். பதிவு செய்கிறபோது ரசீதுகளும் கட்டும்போது எடுத்த போட்டோக்களும் கைகொடுக்கும். நம்பரிலும் ஒரு வேடிக்கை உண்டு. எல்லாம் புதுப் பாகங்கள் என்றால் புதுக் காருக்கு உரிய நம்பர். ஒரே டோனர் காரிலிருந்து பாகங்கள் எடுத்திருந்தால் அதன் வயதுக்கு ஏற்ற நம்பர். பல கார்களிலிருந்து எடுத்து, வயதே சொல்ல முடியாத கலவையாக இருந்தால், ‘க்யூ’ என்ற எழுத்தில் தொடங்கும் நம்பர். அந்த எழுத்தைப் பார்த்தாலே, ‘ஓ, இதற்குப் பிறந்த தேதி இல்லை’ என்று புரிந்துகொள்வார்கள்.

‘நம் ஊரில் இப்படிக் கட்டி ஓட்டலாமா?’ என்று கேட்பீர்கள். சாலையில் ஓட்ட அப்படிச் சுலபமான வழி இல்லை. இங்கே ஒவ்வொரு கார் மாடலையும் அரசு அங்கீகரித்த ஆய்வு மையத்தில் சோதித்துச் சான்றிதழ் வாங்கிய பிறகே விற்க முடியும். சென்னைக்கு அருகே ஒரகடத்தில் அப்படி ஒரு மையம் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் கார் செய்யும் கம்பெனிக்கு அது சரி. ஒரே ஒரு வண்டி கட்டுகிறவருக்குக் கட்டுப்படியாகாது. இருக்கிற வண்டியையும், கம்பெனி தயாரித்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வீட்டில் கட்டும் காருக்கும் இங்கிலாந்தைப் போல ஒரு தேர்வு வைத்து, தேறினால் விடலாமே என்பது என் எண்ணம்.

ஆனால் பந்தயத் தடத்தில் தடையில்லை. கோயம்புத்தூர்க்காரர் எஸ்.கரிவரதன், 1980-களின் கடைசியில் மாருதி 800 என்ஜினை வைத்து ஒருவர் மட்டும் உட்காரும் பந்தயக் காரை அங்கேயே வடிவமைத்துக் கட்டியவர். குறைந்த செலவில் நம் இளைஞர்கள் பந்தயம் ஓட அது வழி செய்தது. 1995-ல் விமான விபத்தில் காலமானார். கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் இருக்கும் ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ அவர் பெயரில் அமைந்ததுதான்.

அந்தத் தடத்தில் ‘ஃபார்முலா பாரத்’ என்ற போட்டி நடக்கிறது. நாடெங்குமிருந்து பொறியியல் மாணவர்கள், கல்லூரிப் பட்டறையில் தாங்களே வரைந்து, அறுத்து, வெல்டிங் வைத்துக் கட்டிய குட்டிப் பந்தயக் கார்களோடு வந்து சேருவார்கள். கூண்டைப் பார்த்தால் உங்கள் பிஸ்கட் அட்டை முக்கோணங்கள் தெரியும்! தடத்தில் இறக்குவதற்கு முன் நடுவர்கள் விடமாட்டார்கள். ஓட்டுநரை உள்ளே உட்காரவைத்து, காரை 60 டிகிரி சாய்ப்பார்கள். ஒரு சொட்டு பெட்ரோலோ ஆயிலோ ஒழுகக் கூடாது. வேகமாக ஓட்டிவந்து பிரேக் போடச் சொல்வார்கள். நான்கு சக்கரங்களும் ஒரே சமயத்தில் இறுகி நிற்க வேண்டும். இன்னொரு தேர்வும் உண்டு. ஓட்டுநர் பெல்ட், ஹெல்மெட், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு காருக்குள் உட்கார வேண்டும். விசில் ஊதியதும், தீப்பிடித்த காரிலிருந்து தப்புவது போல, பெல்ட்டைக் கழற்றி வெளியே வந்து நிற்க வேண்டும். கொடுக்கிற நேரம் ஐந்தே நொடி!